நானே நேரில் செய்ததுபோல்

ஒருத்தருக்குப் பதிலாக இன்னொருத்தர் பேசலாம், கையெழுத்துப் போடலாம் என்று டைப் அடித்துக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த வேலை. அப்படிச் சொல்லி யாரும் என்னை எடுக்கவில்லை. தமிழ் டைப் தெரியுமா என்று கேட்டார்கள், ஹையர் பரீட்சை முடித்திருக்கிறேன் என்றேன், நாளைக்கே வந்துவிடச் சொன்னார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சின்ன ஊர். பதிவு ஆபீசுக்கு எதிரே ஐந்தாறு பத்திர எழுத்தர்கள் வரிசையாக இருந்தார்கள். அதில் ஒருவரிடம், ஜன்னலோரம், ஒரு பழைய டைப்ரைட்டருக்குப் பின்னால் தொண்ணூறுகளில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

கிரயம் வரும், தானம் வரும், பாகப்பிரிவினை வரும். ஆனால் அந்த வருஷங்களில் அதிகம் வந்தது பவர். பொது அதிகாரப் பத்திரம் என்பது அதன் முழுப்பெயர், அதை முழுசாகச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. கோயமுத்தூர் நாலு பக்கமும் வீங்கிக்கொண்டிருந்த காலம். சோளக்காடெல்லாம் வீட்டு சைட் ஆகிக்கொண்டிருந்தது. நிலம் ஒருத்தர் பேரில் இருக்கும், அதற்கு விலை பேசுகிறவர் வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு. இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கட்ட ஒரு காகிதம் தேவைப்பட்டது, அதைத்தான் நான் அடித்தேன்.

அந்தக் காகிதத்தின் பாஷை எனக்கு மனப்பாடம். என் பொருட்டும் என் சார்பிலும். எனக்குப் பதிலாகவும் என் பெயராலும். வாங்குகிறவருக்கு முகவர் என்று பெயர், கொடுக்கிறவருக்கு எழுதிக் கொடுப்பவர் என்று பெயர், அவர் ஒரு எழுத்தும் எழுதாவிட்டாலும். கடைசியில் வருகிற வரிதான் எல்லாவற்றுக்கும் மேல்: "முகவர் செய்யும் சகல காரியங்களையும் நானே நேரில் இருந்து செய்ததுபோல் ஒப்புக்கொள்கிறேன்." இதை அடிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் எழுதிக் கொடுப்பவர் நேரில்தான் இருப்பார். என் மேசைக்கு முன்னால் பெஞ்சில், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காத ஒரு ஆளாக உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருக்கும்.

ஒரு தடவை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அந்த அம்மாவைப் பார்த்துப் பெயர் கேட்டேன், புருஷன் சொன்னார். வயசு கேட்டேன், அதையும் அவரே சொன்னார், நாலு வருஷம் தப்பாக. அப்பா பெயர் கேட்டதற்கு மாமனார் பெயர் மறந்துபோய் மோட்டுவளையைப் பார்த்தார். கையெழுத்தா ரேகையா என்றேன். "அதுக்கெல்லாம் தெரியாதுங்க, ரேகைதானுங்க" என்றார். அந்த அம்மா கையை நீட்டி என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, இனிஷியலோடு, அழகாகக் கையெழுத்துப் போட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாம். அந்த மனுஷன் ஏதோ பேனா அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சாயத்துத் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு இன்னொரு கூட்டம் வர ஆரம்பித்தது. லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு, வெள்ளை வேட்டி எல்லாம் இருக்கும், தலைவர் மட்டும் இருக்கமாட்டார். தலைவருங்களா என்று கேட்டால், தலைவர் ஊட்டுல இருக்குதுங்க, நாந்தான் பாத்துக்கறனுங்க என்று கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொல்வார்கள். இவர்கள் பவர்கூட எழுதி வாங்கவில்லை. கட்டின தாலியே போதும் என்று நினைத்துவிட்டார்கள், ஊரும் போதும் என்று ஒத்துக்கொண்டது. ஜனங்களின் பிரதிநிதி என்று அந்த அம்மாள்களுக்குப் பட்டம், அந்தப் பிரதிநிதிக்கு வீட்டிலேயே ஒரு பிரதிநிதி.

எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. சொல்லுக்குச் சொல் ங்க போடுவோம். ஒருத்தரை ஏமாற்றினால்கூட ஏமாத்திப்போட்டனுங்க என்றுதான் சொல்வோம். இந்த மரியாதையில் பிறந்த ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரன் எழுதி வைத்த பத்திரத்தை யாரும் வாசித்துப் பார்க்கக் கூடாது. எங்கள் எழுத்தர் வாசித்துக் காட்ட ஆரம்பிப்பார். மூன்றாவது வரியில் யாராவது கையைத் தூக்கி, நம்முளுக்குள்ள என்னங்க, கையெழுத்துத்தானுங்க என்பார்கள். அதோடு வாசிப்பு நின்றுவிடும். அண்ணன் கொண்டுவந்த பத்திரத்தைத் தங்கச்சி வாங்கி வாசித்தால் அண்ணனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அப்புறம் நோம்பி, பண்டிகைக்குப் பிறந்த வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது? ஆகவே எங்கள் ஊர்ப் பெண்கள் பலசரக்குப் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தை வாசிப்பார்கள், சினிமா போஸ்டரை வாசிப்பார்கள், தங்கள் தலையெழுத்தை மாற்றுகிற பத்திரத்தை மட்டும் வாசிக்கமாட்டார்கள்.

இப்படி எல்லோரையும் எட்ட நின்று எளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், என் மாமா என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கே வந்தார்.

மாமா அம்மாவுக்கு மூத்தவர். அம்மாவின் கல்யாணத்தில் சொன்ன நகையைப் போட முடியாமல், அவர்களுடைய அப்பா ஒரு ஏக்கர் பத்து சென்ட் நிலத்தை அம்மா பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் எழுத்தர் கடை இருந்த ஊருக்குக் கிழக்கே ஆறேழு மைலில், மாமாவின் தோட்டத்தை ஒட்டியே அந்தக் காடு. மாமாதான் உழுதார், மாமாதான் வெள்ளாமை எடுத்தார். தீபாவளிக்கு ஒரு மூட்டை கடலைக்காய், பத்துத் தேங்காய் அனுப்புவார். அம்மாவின் பெயரில் இந்த உலகத்தில் இருந்தது அந்த நிலம் ஒன்றுதான். ரேஷன் கார்டு அப்பா பெயரில், நாங்கள் குடியிருந்தது அப்பா வேலை பார்த்த மில்லின் லைன் வீட்டில். வருஷத்துக்கு ஒருமுறை நோம்பிக்குப் போகும்போது அம்மா தனியாகப் போய் அந்தக் காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவாள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

மாமா வந்ததும் என்னைப் பார்த்து, கிணத்து மோட்டாருக்கு ஒரு கையெழுத்து, பேங்குக்கு ஒரு கையெழுத்து, மணியகாரருக்கு ஒரு கையெழுத்து என்று வேலை வந்துகொண்டே இருக்குதென்றார். ஒவ்வொரு தடவையும் உங்கம்மாவைப் பஸ் ஏத்தி அலைய வைப்பதா, பாவம், ஒரு பவர் எழுதிவிட்டால் நானே பார்த்துக்கொள்வேன் என்றார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சப்பை மடியில் இருந்தது.

வழக்கமான பார்மட்டைப் போட்டு அடித்தேன். நிர்வகிக்கவும், வரி செலுத்தவும், கடன் பெறவும், அடமானம் வைக்கவும், விற்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும். விற்கவும் என்ற இடத்தில் என் விரல் நின்றது. எழுந்துபோய் எழுத்தரிடம் மெதுவாக, மோட்டார் கனெக்‌ஷனுக்கு விற்கவும் எதற்குங்க என்று கேட்டேன்.

"அது பார்மட்டுல இருக்கறதுதான அம்மணி. எடுத்தா உங்க மாமன் தப்பா நெனைப்பாரு."

திரும்பி வந்து உட்கார்ந்து அடித்து முடித்தேன். அம்மா வாசிக்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. எளக்காரத்தில் ஊரையே விஞ்சினவள், மாமா தப்பாக நினைப்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன். அம்மா கையெழுத்துப் போட்டதும் மாமா எங்கள் இரண்டு பேருக்கும் எதிர்க்கடையில் போண்டாவும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் போண்டாவில் நான் இரண்டு தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கக்கத்தில் ரெக்ஸின் பை இடுக்கிய ஒரு புரோக்கர் வந்தார். எங்கள் கடைக்கு வாடிக்கையானவர். அடுத்த புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்கே பதியவேண்டிய கிரயம், பார்ட்டி அவசரப்படுகிறார் என்று சொல்லிக் குறிப்புகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் நேராகச் சொத்து விவரத்துக்குப் போனேன். வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே வேறொருவர் காடு, மேற்கே முகவருடைய சொந்தத் தோட்டம், இந்த நான்கு எல்லைக்குள் ஒரு ஏக்கர் பத்து சென்ட். அதில் வடவோரம் உள்ள இரண்டு தென்னை, கிணற்றில் மூன்றில் ஒரு பாகம். வாசிக்க வாசிக்க இதை எங்கேயோ அடித்திருக்கிறேனே என்று தோன்றியது. எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அவருக்காக அவருடைய பொது அதிகார முகவர் என்று மாமாவின் பெயர்.

மாமா கெட்டிக்காரர், என்னிடம் வராமல்தான் விற்கப் பார்த்திருக்கிறார். அவருடைய புரோக்கருக்கு நான் யாரென்று தெரியாது. அவ்வளவுதான் விஷயம். இதைக் கடவுள் செயல் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. ஒரு புரோக்கரின் சோம்பேறித்தனத்தைக் கடவுள் கணக்கில் சேர்க்க எனக்கு மனசில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே பேசினேன், ஒரு மணி நேரம் இருக்கும். மாமாவின் யோக்கியதை, எங்கள் ஜனங்களின் மரியாதை, அந்தப் பார்மட், அம்மாவின் ஏமாளித்தனம் எல்லாவற்றையும் பேசினேன். நடுவில் அப்பா வந்து கேட்டுவிட்டு, அது அவங்க பொறந்த ஊட்டு விசயம், நான் தலையிடக் கூடாது என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தலையிடக் கூடாத இடம் எது என்பதில் எங்கள் ஆண்களுக்கு எப்போதும் நல்ல தெளிவு உண்டு. நான் பேசி முடித்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"குடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா கண்ணு?"

முடியும் என்றேன். ரத்துப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது, விற்பதற்கு முன்னால் பதிந்தாக வேண்டும் என்றேன். அப்படியானால் திங்கட்கிழமையே போய்விடலாம் என்று சொல்லிவிட்டு அம்மா கீரையை அலசப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டாம்பு வெண்டரிடம் அம்மா பெயரில் பத்திரத்தாள் வாங்கினேன். ஒன்றில் ரத்து அடித்தேன். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் எழுத்தர் வீட்டுக்குப் போயிருந்தபோது, இன்னொன்றில் புதுசாக ஒரு பவர் அடித்தேன். முகவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். நான் யோசித்தது சரியாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு ஆபீஸ் விவகாரம் என்ன தெரியும்? நாளைக்கு மாமா இன்னொரு காகிதத்தோடு வந்து அழுதால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நான் பார்த்துக்கொண்டால் ஒரு பயமும் இல்லை. ரத்து முடிந்த கையோடு, இதிலும் ஒரு கையெழுத்துப் போடும்மா என்றால் போடப்போகிறாள். இரண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை பதிவு ஆபீசில் கூட்டம். பதினொன்றரைக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எதற்காக ரத்துச் செய்கிறீர்கள் என்று கேட்டார். முகவர் எங்கள் நம்பிக்கைக்கு விரோதமாக நடக்கிறார் என்று நான் கணீரென்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்டத்தான கண்ணு கேக்கறாரு" என்றாள் அம்மா. பிறகு அவர் பக்கம் திரும்பி, "அந்தக் காடு எனக்கு வேணுங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சரி, அடுத்து யாருக்குப் பவர் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் கைப்பையின் ஜிப்பில் கை வைத்தேன்.

"ஆருக்கும் இல்லீங்க. எப்ப வேணும்னாலும் சொல்லியுடுங்க, நானே வாரேனுங்க."

ஜிப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள், ரேகை வைத்தாள், விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஸ்டாம்பு வெண்டர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், ஏனுங்க அம்மணி, உங்க பேருல பொண்ணு ரெண்டு பத்திரம் வாங்கிட்டுப் போச்சு, ரெண்டும் பதிஞ்சாச்சுங்களா என்று அக்கறையாகக் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆச்சுங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

மாமா அப்புறம் என்ன செய்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கடலைக்காயும் தேங்காயும் நின்றுபோனது. சொந்தத்தில் ஒரு வீடு விடாமல் போய், தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் அந்தப் புள்ளை செஞ்ச வேலை என்று சொன்னார். கடைசிவரைக்கும் அவரால் தன் தங்கச்சி தானாக ஒரு காரியம் செய்தாள் என்று நம்ப முடியவில்லை. அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப்போய், ஆள் வைத்து, அந்த ஒரு ஏக்கரில் கறிவேப்பிலை போட்டாள். அண்ணன் வரப்பில் எதிரே வந்தால் நல்லாருக்கீங்களாண்ணா என்று கேட்பாளாம். அவர் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. மாமாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அன்று பஸ்ஸில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் நான் எழுதியதும் ஒரு மாதிரி ஏமாற்று வேலைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காந்திபுரம் போகிற பஸ். வழியெல்லாம் காய்கறிக்கூடை. எங்களுக்கு இடம் கிடைத்தது. பஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது அம்மா என் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த இன்னொண்ணைக் குடு."

எதை என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா கையை மடக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பத்திரத்தாளை மடியில் விரித்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்து அம்மா தன் பெயரில் எழுதிய ஒரு பத்திரத்தை வாசித்தது அதுதான் முதல் தடவை. அவள் பெயர், அப்பா பெயர், கதவு எண். என் பெயர் வந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே போனாள். முன்சீட்டில் கூடையோடு இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே கேட் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிர்வகிக்கவும் என்று வாசித்தாள். வரி செலுத்தவும் என்று வாசித்தாள். கடன் பெறவும், அடமானம் வைக்கவும். பிறகு சத்தம் நின்றது. திரும்பினேன். அம்மாவின் விரல் ஒரு வார்த்தைக்கு அடியில் நின்றிருந்தது. மத்தியான சாப்பாட்டு நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லாமல், யாருடைய கட்டாயமும் இல்லாமல் நானே அடித்தது அது. விற்கவும்.

"இதை எதுக்குக் கண்ணு போட்ட?"

"அது பார்மட்டுல இருக்கறதும்மா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. எழுத்தர் சொன்ன அதே சொல். மூன்று வருஷமாக நான் காறித் துப்பிக்கொண்டிருந்த அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அந்த நிலத்தை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் எடுத்துவிடவேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்தக் காட்டை வைத்து என்ன செய்யலாம் என்று இருக்கிறாய் என அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட் திறந்து பஸ் கிளம்பியது. அம்மா மிச்சத்தையும் விடாமல், நானே நேரில் இருந்து செய்ததுபோல் என்ற கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். நாலாக மடித்து என் பையில் வைக்காமல் தன் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அடிச்சிருக்கலாமல்ல கண்ணு" என்றாள்.

அத்தனை வருஷமாக, அந்த டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே வந்து நின்ற ஒவ்வொரு அண்ணனையும் ஒவ்வொரு புருஷனையும் பார்த்து நான் மனசுக்குள் சொன்னதும் இதைத்தான்.